60 நாள் இன்சானிட்டிக்கு முன்னால் உடம்பை எப்படித் தயார் செய்வது?

கரைஎறும்பு

வணக்கம். வயது 38, எடை 82 கிலோ, உயரம் 170 செ.மீ. சென்னையில் உட்கார்ந்தே பார்க்கும் மென்பொருள் வேலை. கடைசியாக எடுத்த பரிசோதனையில் சர்க்கரை, பி.பி. இரண்டும் சரியாக இருந்தன. மாத்திரை எதுவும் கிடையாது. கல்லூரி முடித்த பிறகு உடற்பயிற்சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடுவதோடு சரி.

அலுவலகத்தில் எங்கள் குழு, பொங்கல் முடிந்ததும் அமெரிக்கப் பயிற்சியாளர் ஷான் டியின் இன்சானிட்டி என்ற 60 நாள் வீடியோப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறது. கருவி எதுவும் வேண்டாம், ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டாம், வீட்டு ஹாலிலேயே செய்யலாம் என்பதால் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. முதல் நாள் ஃபிட் டெஸ்டில் யார் எவ்வளவு செய்தார், கடைசி நாளில் எவ்வளவு கூடியது என்று எக்செல் தாள் போட்டுப் போட்டி வேறு.

நேற்று முதல் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். செய்யவில்லை, பார்த்ததோடு சரி. வார்ம்-அப் என்று அவர்கள் செய்வதே எனக்கு ஒரு வாரத்துக்குத் தாங்கும் போலிருக்கிறது. பொங்கலுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. இப்போதே தொடங்கிவிடலாமா? இல்லை, அதுவரை வேறு ஏதாவது செய்து உடம்பைப் பழக்க வேண்டுமா? பழக்குவதென்றால் என்ன, எவ்வளவு?

சோம்பல்முறி

யோசிக்காமல் இன்றைக்கே ஆரம்பியுங்கள் ப்ரோ. "தயாராகிவிட்டு ஆரம்பிக்கிறேன்" என்று சொன்னவர்களில் கடைசிவரை ஆரம்பிக்காதவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த வீடியோவையே நன்றாகக் கவனியுங்கள். பின்னால் நிற்பவர்கள் எல்லாம் கட்டுமஸ்தான ஆட்கள். அவர்களே நடுவில் நின்று, முட்டியில் கை வைத்து மூச்சு வாங்குகிறார்கள். முடியாதபோது நில்லுங்கள், மூச்சு வந்ததும் சேர்ந்துகொள்ளுங்கள் என்பதுதான் அதன் பாணியே. முதல் வாரம் பாதி செய்வீர்கள், மூன்றாம் வாரம் முக்கால்வாசி. அதுவே தயாரிப்புதானே? எட்டு வாரம் சும்மா நடந்துகொண்டிருந்தால் எட்டு வாரம் போனதுதான் மிச்சம்.

பிசியோ அக்கா

சோம்பல்முறி சொல்வதில் பாதி சரி. மூச்சு விஷயத்தில் அது எடுபடும். மூச்சு முட்டினால் உடம்பே நிறுத்தச் சொல்லும், நின்றுவிடலாம். எலும்பும் மூட்டும் தசைநாணும் அப்படி அந்த நிமிடமே குரல் கொடுப்பதில்லை. சிக்கல் அங்கேதான்.

இன்சானிட்டியில் பெரும்பகுதி குதிப்பு. எம்புவதில் பெரிய ஆபத்தில்லை, இறங்குவதில்தான் இருக்கிறது. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசையும் கெண்டைச்சதையும் நீண்டுகொண்டே எடையைத் தாங்குகின்றன. பழக்கமில்லாத தசையை அதிகம் நோகடிப்பது இந்த வகை வேலை. செய்யும்போது தெரியாது, மறுநாள் தொடங்கி மூன்றாம் நாளுக்குள் வலி உச்சத்துக்கு வரும். அட்டவணையோ வாரத்துக்கு ஆறு நாள். முதல் நாள் வலி முழுதாக வந்து சேர்வதற்குள் இரண்டாவது, மூன்றாவது வீடியோவையும் முடித்திருப்பீர்கள்.

இன்னொன்று. மூச்சுத்திறன் சில வாரங்களிலேயே முன்னேறும். தசைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் பலப்படுவதற்கு மாதக்கணக்கு. அதனால் என்னிடம் வருகிறவர்களில் முதல் நாளே அடிபட்டு வந்தவர்கள் குறைவு. மூன்றாம் வாரம், நான்காம் வாரம், "இப்போது நன்றாக முடிகிறது" என்று வேகத்தைக் கூட்டியபோது முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, குதிகாலுக்கு மேலே இழுப்பு, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் எலும்பை ஒட்டி வலி என்று வருகிறவர்களே அதிகம். மூச்சு முன்னால் ஓடிவிட்டது, கால் பின்தங்கிவிட்டது.

அரிதானது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் சும்மா இருந்த உடம்பை ஒரே நாளில் எல்லை மீறி வேலை வாங்கினால் தசை செல்கள் உடைந்து, அதிலிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். ராப்டோமயோலைசிஸ் என்று பெயர். புழுக்கம், தண்ணீர் குடிக்காமல் இருப்பது, காய்ச்சலோடு செய்வது எல்லாம் அதற்கு வழி விடும். கை காலை மடக்க முடியாத வீக்கமும் வலியும் இருந்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனை.

கர்லாக்கட்டை

எங்கள் வாத்தியார் புதிதாக வந்த பையனை முதல் நாள் பத்துத் தண்டால், இருபது பஸ்கிக்கு (உட்கார்ந்து எழுவது) மேல் போட விடமாட்டார். அவனுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும், பக்கத்தில் போடுகிறவனைப் பார்த்து ஆசை வேறு. இருந்தாலும் விடமாட்டார். மறுநாள் காலையில் அவன் எப்படி உட்கார்ந்து எழுகிறான், படி எப்படி இறங்குகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த கணக்கு. ஏறுவதைப் பார்க்கமாட்டார், இறங்குவதைத்தான் பார்ப்பார். அக்கா சொல்வதைப் படித்ததும் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று இப்போது புரிகிறது.

சோம்பல்முறி

அக்கா, பயமுறுத்தாதீர்கள். ஜப்பானில் தபாட்டா என்பவர் நாலே நிமிடக் கடும் பயிற்சியில் மூச்சுத்திறன் எகிறுகிறது என்று ஆராய்ச்சியே செய்து காட்டியிருக்கிறார். தீவிரமாகச் செய்வதற்குத்தான் பலன். நடைப்பயிற்சியில் என்ன வந்துவிடப் போகிறது?

நெட்டோட்டம்

தபாட்டாவை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், கட்டுரையைப் படித்தவர்கள் குறைவு. 1996-இல் வெளிவந்த ஆய்வு அது. அதில் ஈடுபட்டவர்கள் உடற்கல்வி படிக்கும் இளைஞர்கள், ஏற்கெனவே பயிற்சியில் இருந்தவர்கள். 20 வினாடி உச்ச வேகம், 10 வினாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று, ஆறு வாரம். எல்லாம் ஆய்வகத்தில் நிலைச் சைக்கிளில். சைக்கிளில் குதித்து இறங்குகிற வேலையே கிடையாது. 38 வயதில், டைல்ஸ் தரையில், 82 கிலோவோடு குதிக்கிறவருக்கு அதிலிருந்து என்ன சான்று கிடைக்கும்?

இன்சானிட்டி அந்தக் கணக்கையே திருப்பிப் போட்டது. வேலை நேரம் நீளம், ஓய்வு குட்டி. கிட்டத்தட்ட மூன்று நிமிடம் விடாமல் செய்துவிட்டு 30 வினாடி மூச்சு வாங்கலாம். வார்ம்-அப்பிலும் ஒரே தொகுப்பை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கூட்டிச் செய்யச் சொல்வார்கள். முதல் மாத வீடியோக்கள் சுமார் 40 நிமிடம். நடுவில் ஒரு வாரம் சற்று இலகுவானது. இரண்டாம் மாதம் 'மேக்ஸ்' என்று தொடங்கும் வீடியோக்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் மாதத்தைத் தட்டுத்தடுமாறி ஓட்டியவர் இரண்டாம் மாதத்தில் மாட்டிக்கொள்வார்.

இன்சானிட்டியை வெளியிட்ட பீச்பாடி நிறுவனத்தின் இன்னொரு கடுமையான வீட்டுப் பயிற்சித் திட்டம் பி90எக்ஸ். அதன் கையேட்டில் தொடங்குவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. ஆண்களுக்கு மூன்று புல்-அப், 15 புஷ்-அப், சுவரில் சாய்ந்து நாற்காலி போல ஒரு நிமிடம், இப்படிக் குறைந்தபட்ச அளவுகள். அது முடியாதவர்கள் முதலில் பவர் 90 என்ற எளிய திட்டத்தைச் செய்துவிட்டு வரலாம் என்று விற்கிறவர்களே சொல்லியிருந்தார்கள். இன்னொரு டி.வி.டி. விற்கும் வழியாகவும் இருக்கலாம், அது வேறு கதை. ஆனால் ஆலோசனை நல்ல ஆலோசனை.

நாடித் துடிப்புக்கு ஒரு குறிப்பு. 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்பது குத்துமதிப்பு. 38 வயதுக்கு 182 வரும், ஆனால் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு மேலே கீழே இருக்கும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். அதைவிடப் பயனுள்ளது, நிறுத்திய பிறகு துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பது. நன்றாக மூச்சு வாங்கும் வேகத்தில் படி ஏறி, நின்ற உடனே ஒரு முறை, ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை பாருங்கள். டிரெட்மில் சோதனையில் இதய மருத்துவர்கள் 12 துடிப்பாவது இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். பழகப் பழக இந்த இறக்கம் பெரிதாகும். உங்கள் தயாரிப்பு வேலை செய்கிறதா என்பதற்கு எடையைவிட இது சீக்கிரம் பதில் சொல்லும்.

கரைஎறும்பு

எல்லோருக்கும் நன்றி. சரி, இப்போதே குதிக்கப் போவதில்லை. ஆனால் "நடங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எனக்கு ஓடாது அக்கா. எந்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொன்று, இங்கே அடைமழை. பாதி நாள் வெளியே கால் வைக்க முடியாது.

பிசியோ அக்கா

முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள் தம்பி. 82 கிலோ, 170 செ.மீ. என்றால் பி.எம்.ஐ. 28-க்கு மேல். இந்தியர்களுக்கான அளவுகோலில் 25 தாண்டினாலே உடல்பருமன் கணக்கு. இடுப்பை அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை. நம் மக்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில வருடம் முன்பே வருகிறது என்பது தெரிந்த விஷயம். அப்பா, அண்ணன் யாருக்காவது 55 வயதுக்கு முன் இதயப் பிரச்சினை இருந்ததா, சிகரெட் உண்டா, படி ஏறும்போது நெஞ்சு இறுகுகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்பார். ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் என்றால் இ.சி.ஜி., டிரெட்மில் சோதனை எடுக்கச் சொல்லலாம். சொன்னால் எடுத்துவிடுங்கள், வீண் செலவு இல்லை.

முதல் இரண்டு வாரம் குதிப்பு அறவே வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நாள், 30 நிமிடம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். மழை என்றால் அடுக்குமாடிப் படிக்கட்டு இருக்கிறது. ஏறும்போது நடந்து ஏறுங்கள், இறங்கும்போது கைப்பிடிக்குப் பக்கத்தில் மெதுவாக, பாதம் முழுதும் வைத்து இறங்குங்கள். இறங்குவதையும் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளுங்கள், கர்லாக்கட்டையின் வாத்தியார் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சமையல் மேடையில் கை வைத்துச் சாய்வாக தண்டால், முழங்கை ஊன்றிய பிளாங்க் (உடம்பைப் பலகை போல் நேராக நிறுத்திப் பிடிப்பது), படியின் விளிம்பில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது. எதையும் கடைசிச் சொட்டுவரை பிழிய வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள்.

மூன்றாம், நான்காம் வாரம் நடையில் ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நிதானம் என்று மாற்றுங்கள். நாற்காலியை எடுத்துவிட்டு ஸ்குவாட். மேடையிலிருந்து ஸ்டூல், ஸ்டூலிலிருந்து தரை என்று தண்டாலின் சாய்வைக் குறையுங்கள். குதிகால் தூக்குவதை ஒற்றைக் காலில் செய்யத் தொடங்குங்கள். எல்லோரும் விட்டுவிடுவது இதைத்தான். மொத்தத் திட்டத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

குதிப்பு ஐந்தாம் வாரம்தான். அதிலும் முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். தாழ்வான ஒரு படியிலிருந்து கீழே இறங்கி, முன்பாதம் பட்டு, குதிகால் தொட்டு, முட்டியும் இடுப்பும் மடங்கி, அப்படியே அசையாமல் இரண்டு வினாடி நிற்க வேண்டும். முட்டிகள் உள்பக்கம் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. செல்போனை எதிரில் வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள், நமக்கே தெரியாமல் முட்டி உள்ளே போவது அதில்தான் தெரியும். அப்புறம் நின்ற இடத்தில் சின்னச் சின்னத் துள்ளல், கயிறு இல்லாத ஸ்கிப்பிங். ஒரு நாளைக்கு மொத்தம் 40 முறை தரையில் இறங்கினால் போதும், வாரத்துக்கு இரண்டு நாள். ஏழு, எட்டாம் வாரத்துக்குள் அதை 80, 100 என்று கொண்டுபோகலாம். இன்சானிட்டியில் ஒரே வீடியோவில் இதைப் போலப் பல மடங்கு வரும், அதை நினைவில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் போங்கள்.

சோம்பல்முறிக்காக ஒரு சமரசம். ஐந்தாம் வாரத்திலிருந்து இன்சானிட்டி முதல் வீடியோவின் வார்ம்-அப்பை மட்டும் போட்டுச் செய்யுங்கள். முதல் இரண்டு சுற்று, குதிக்காமல்: ஜம்பிங் ஜாக்குக்குப் பதில் ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து எடுப்பது, ஓட்டத்துக்குப் பதில் நடை. அதன் பின்னால் வரும் நீட்சிப் பயிற்சியையும் செய்யுங்கள். அசைவுகளின் வரிசை மனதில் பதியும். பொங்கலுக்குப் பிறகு திரையையே பார்த்துக்கொண்டு கழுத்தைத் திருப்பித் தடுமாற வேண்டாம்.

கீழ்வீட்டுக்காரன்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் வீட்டுக்கு மேலே ஒருவர் தினமும் காலை ஐந்தரைக்கு பர்ப்பி (தண்டால் நிலைக்குப் போய் எழுந்து குதிப்பது) போடுகிறார். எங்கள் ஹால் விளக்கு ஆடுகிறது. அக்கா சொன்ன அந்த 'அசையாமல் இறங்குவது' பாடத்தை அவருக்கு யாராவது அனுப்பிவைத்தால் தேவலை.

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் இருக்கிறது. நான் கட்டடத் துறைக்காரன். நம் வீட்டுத் தளம் கான்கிரீட், அதன் மேல் விட்ரிஃபைட் டைல்ஸ். துளிகூட விட்டுக்கொடுக்காது, அடி முழுவதும் காலுக்கே திரும்பி வரும். மரத்தளத்தில் எடுத்த வீடியோவைப் பார்த்து அதே வேகத்தில் டைல்ஸில் செய்கிறோம். யோகா பாய் இதற்கு உதவாது, மெல்லியது, குதித்தால் வழுக்கி நகரும். குழந்தைகள் விளையாடும், ஒன்றோடொன்று கோத்துப் போடும் ரப்பர் நுரை ஓடுகள் 10, 12 மி.மீ. தடிமனில் கிடைக்கும். கெட்டியானதாகப் பார்த்து வாங்குங்கள், அழுத்தினால் பாதம் புதையும் மெத்துமெத்து ரகம் வேண்டாம், கணுக்கால் பிசகும். வியர்வை சொட்டிய டைல்ஸ் சோப்புத்தண்ணீர் மாதிரி, பக்கத்தில் ஒரு பழைய துண்டு இருக்கட்டும்.

மொட்டை மாடி நல்ல இடம்தான், ஆனால் நீர் போக வாட்டம் கொடுத்திருப்பார்கள். ஒரே பக்கம் பார்த்து நின்று தினமும் குதித்தால் ஒரு கால் தாழ்ந்தே இருக்கும். இந்த மழைக்காலத்தில் பாசி வேறு.

பிசியோ அக்கா

அருமை சார். இதோடு ஷூவைப் பற்றியும். ஓடுவதற்கான தடித்த குதிகால் ஷூ முன்னோக்கிப் போவதற்குச் செய்தது. பக்கவாட்டில் தாவும்போது அது சாயும். அடிப்பாகம் தட்டையான, பக்கப் பிடிப்புள்ள டிரெயினிங் ஷூ போதும். தம்பி ஷட்டில் ஆடும் ஷூவே பரவாயில்லை. மேல்வீட்டுக்காரருக்குச் சொல்ல இதை வைத்துக்கொள்ளுங்கள்: இறங்கும் சத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு முட்டிக்கு நல்லது.

வேப்பம்பூ

அக்கா, ஒரு சந்தேகம். இரண்டாவது குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது, சுகப்பிரசவம். எனக்கும் இதில் சேர ஆசை. ஸ்கிப்பிங் முயற்சி செய்தபோது சிறுநீர் கசிகிறது. அம்மாவிடம் கேட்டால் எல்லோருக்கும் இருப்பதுதான், தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பிசியோ அக்கா

கேட்டதற்கு நன்றி வேப்பம்பூ. பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். நிறையப் பேருக்கு இருக்கிறது என்பது உண்மை, அதற்காக அப்படியே விட்டுவிடத் தேவையில்லை. இடுப்புக்குழியின் அடித்தளத் தசை இன்னும் பலப்படவில்லை என்பதற்கு அது அடையாளம். கசிவு இருக்கும்வரை குதிப்புப் பயிற்சி வேண்டாம். ஓட்டம், குதிப்பு போன்றவற்றுக்குப் பிரசவத்துக்குப் பின் குறைந்தது 12 வாரம் காத்திருங்கள் என்பார்கள். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், ஆனால் வாரக் கணக்கு மட்டும் போதாது, அறிகுறி இருக்கக் கூடாது.

சிறுநீரை அடக்குவது போல் உள்ளிழுத்து மேலே தூக்கிப் பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் முக்கியம், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மூச்சை அடக்காதீர்கள், பிட்டத்தை இறுக்காதீர்கள். தினமும் மூன்று வேளை, மூன்று மாதம் தொடர்ந்து செய்தால்தான் தெரியும். அடிவயிற்றில் ஏதோ இறங்குவது போல் கனமாக இருந்தாலோ, படுத்து தலையைத் தூக்கும்போது தொப்புள் நெடுக மேடு தட்டினாலோ பெண்கள் நல மருத்துவரையும் இதற்கென்று பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டையும் நேரில் பாருங்கள். நடையையும் ஸ்குவாட்டையும் நிறுத்த வேண்டியதில்லை.

பென்ஷன் ராமபாணம்

57 வயது. காலையில் அட்டெனோலால் என்ற பி.பி. மாத்திரை, இரவில் கொழுப்பு மாத்திரை. என் பையன் இன்சானிட்டி செய்கிறான், நீங்களும் வாருங்கள் அப்பா என்கிறான். நெட்டோட்டம் சொன்ன 220 கணக்குப்படி என் உச்சம் 163. மாடி இரண்டு தடவை ஏறினாலும் 110-ஐத் தாண்டவில்லை. நான் அவ்வளவு திடகாத்திரமா?

நெட்டோட்டம்

சார், அது அட்டெனோலாலின் வேலை. அந்த வகை மாத்திரை நாடித் துடிப்பை ஏறவிடாது. வயதைக் கழிக்கும் சூத்திரம் உங்களுக்குப் பொருந்தாது. எண்ணை விட்டுவிட்டு, பேச முடிகிறதா என்று பாருங்கள்.

பிசியோ அக்கா

அதேதான் ஐயா. கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்குத் தசை வலி வரும். திடீர்க் கடும் பயிற்சியும் சேர்ந்தால் நான் மேலே சொன்ன தசைச் சிதைவுக்கு இடம் கொடுக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேட்டுவிட்டு மெதுவாகக் கூட்டுங்கள். இங்கே சர்க்கரைக்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும்: கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலையில் வெறும் வயிற்றில் கடும் பயிற்சி செய்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். குளுக்கோமீட்டரில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், கையெட்டும் தூரத்தில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும்.

உண்மையைச் சொன்னால், ஐயா, உங்களுக்கு இன்சானிட்டி தேவையே இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்சம். அதை ஒழுங்காகச் செய்தாலே பையனுக்கு ஈடுகொடுக்கலாம்.

மோர்க்குடம்

சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. சுருக்கமாகச் சொல்கிறேன். தொடங்குகிற வாரமே சோற்றை நிறுத்தி, இரவு பட்டினி கிடந்து, கூடவே இன்சானிட்டி என்று போகிறவர்கள் இரண்டாம் வாரத்தில் கழன்றுகொள்வார்கள். எடைக் குறைப்பைத் தயாரிப்புக் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவிட்டு, கடும் பயிற்சிக் காலத்தில் வயிறாரச் சாப்பிடுங்கள். நம் தட்டில் குறைவது புரதம்தான். இந்தியருக்கான பரிந்துரை ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், அதுவே நான்கு இட்லி சட்னியில் வராது. கடும் பயிற்சி செய்பவருக்கு அதற்கும் மேலே வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம் வரும். முட்டை சாப்பிடாதவர்கள் சுண்டல், தயிர், பனீர், கெட்டிப் பருப்பு என்று வேளைக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலோர ஊர்க்காரர்கள் கவனத்துக்கு: காற்றில் ஈரப்பதம் இருந்தால் வியர்வை காயாது, உடம்பு குளிராது. வெக்கைக்கு உடம்பு பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். பொங்கலுக்கு இதமாகத் தொடங்கும் அட்டவணை, கடினமான இரண்டாம் மாதம் வரும்போது மாசி வெயிலில் போய் நிற்கும். இப்போதே மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து வையுங்கள். பயிற்சி முடிந்ததும் உப்புப் போட்ட நீர்மோர்.

கரைஎறும்பு

பொங்கல் நெருங்கிவிட்டதால் நிலவரம் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் பார்த்தார், டிரெட்மில் சோதனையும் எடுத்தார், தடை எதுவும் இல்லை. இடுப்பு 98 செ.மீ. இருந்தது 95-க்கு வந்திருக்கிறது. எடையில் பெரிய மாற்றமில்லை. மழையால் நடை பல நாள் தவறியது, படிக்கட்டு கைகொடுத்தது. தரையில் தண்டால் 12 முழுதாக வருகிறது. பிளாங்க் ஒரு நிமிடம் நிற்கிறேன். ஒற்றைக் காலில் குதிகால் தூக்குவது வலது காலில் 24 வருகிறது, இடது காலில் 14-லேயே கெண்டைச்சதை இழுத்துக்கொள்கிறது. வார்ம்-அப் இரண்டு சுற்றும் குதிக்காமல் முடிகிறது, பேசவும் முடிகிறது.

கேள்வி: குழுவோடு சேர்ந்து பொங்கலுக்கு மறுநாள் ஃபிட் டெஸ்ட் செய்யலாமா?

சோம்பல்முறி

12 தண்டால், ஒரு நிமிடப் பிளாங்க்! இன்னும் என்ன யோசனை? போங்கள் ப்ரோ. எட்டு வாரம் முன்பே தொடங்கியிருந்தால் இந்நேரம் முடித்திருப்பீர்கள் என்பதுதான் இப்போதும் என் கட்சி.

பிசியோ அக்கா

மற்றதெல்லாம் பரவாயில்லை தம்பி. இடது கெண்டைச்சதைதான் இடிக்கிறது. பொதுவாக 25 அளவுக்கு எதிர்பார்ப்போம். எண்ணிக்கையைவிட வலதுக்கும் இடதுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முன்பு எப்போதாவது அந்தக் கணுக்கால் பிசகியிருக்கிறதா?

கரைஎறும்பு

ஆமாம் அக்கா, கல்லூரியில் கபடி ஆடும்போது. கட்டுப் போட்டு விட்டுவிட்டார்கள்.

பிசியோ அக்கா

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பிசகிய பிறகு யாரும் பலப்படுத்தச் சொல்லியிருக்கமாட்டார்கள். இடது காலில் மட்டும் கூடுதலாக ஒரு தொகுப்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெதுவாகத் தூக்கி அதைவிட மெதுவாக இறக்குங்கள். பல் துலக்கும்போது அந்தக் காலில் மட்டும் நில்லுங்கள். 20-ஐத் தாண்டியதும் தொடங்கலாம், அநேகமாக இரண்டு மூன்று வாரம்.

ஃபிட் டெஸ்ட் எட்டு அசைவு, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். உங்கள் எக்செல் தாளுக்காக அதில் ஸ்விட்ச் கிக், பவர் நீ, லோ பிளாங்க் ஒப்லிக் மூன்றையும் மிதமான வேகத்தில் இப்போது செய்து எழுதிவையுங்கள். பவர் ஜம்ப், குளோப் ஜம்ப், சூசைட் ஜம்ப், பவர் ஜாக், புஷ்-அப் ஜாக் ஐந்தும் கால் சரியானதும். தொடங்கிய பிறகு முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு வீடியோவிலும் பாதிச் சுற்றில் குதித்தும் மீதியில் குதிக்காமலும் செய்யுங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலோ முட்டியோ குத்தினால் அன்று குதிப்பு கிடையாது.

கரைஎறும்பு

சரி அக்கா. குழுவில் எல்லோரையும் ஒற்றைக் காலில் நிற்கவைத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு பேர் என்னைப் போலவே 15-ஐத் தாண்டவில்லை. மூன்று பேரும் பிப்ரவரி முதல் வாரத்தில் தொடங்குவதாக முடிவாகியிருக்கிறது, எக்செல் தாளில் எங்களுக்குத் தனிப் பத்தி போட்டுவிட்டார்கள்.